பறவை உண்டா என்று கேட்டார்கள்

பறவை ஏதாவது வளர்க்கிறீர்களா என்று டாக்டர் கேட்டபோது, என் மனைவி வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு இல்லை என்றேன்.

ஈப்போவில், மருத்துவமனையின் நெஞ்சுநோய்ப் பிரிவில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் ஒரு மலாய்ப் பெண். வயது முப்பத்தைந்து இருக்கலாம். கேள்விகளை ஒரு தாளில் அச்சடித்து வைத்திருந்தார். சிகரெட் பழக்கம் உண்டா, விறகு அடுப்பா, சுவரில் பூஞ்சை பூக்கிறதா, காலையில் விரல் மூட்டு வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாக மலாயில் கேட்டு, பதிலுக்கு நேரே பேனாவால் கோடு போட்டுக்கொண்டு வந்தார். அந்த வரிசையில்தான் "ஆடா பெலா புருங்?" என்பதும் வந்தது. "தாடா" என்றேன். டாக்டர் கோடு போட்டார். என் மனைவி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் முப்பத்து நான்கு புறாக்கள் இருந்தன.

நான் மலைமேல் ஒரு எஸ்டேட்டின் தேயிலை பேக்டரியில் வேலை செய்கிறவன். கொழுந்தை உலர்த்தும் அடுப்புக்குப் பக்கத்தில் முப்பது வருடம் நின்றிருக்கிறேன். மனைவியும் அதே எஸ்டேட்டில்தான் இருந்தாள். கல்யாணமான புதிதில் கொழுந்து பறித்தாள், பிறகு பேக்டரியில் தூள் சலிக்கும் அறைக்கு மாறினாள், முட்டி வலி வந்ததும் ஆறு வருடத்துக்கு முன் நின்றுகொண்டாள். எங்களுக்கு ஒரே மகள். ஈப்போவில் ஆசிரியை. மகள் வேலை கிடைத்துக் கீழே போன பிறகு தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

என் மனைவி கோயில் பாட்டுக் குழுவில் இருபது வருடமாக முன்வரிசையில் நின்று பாடியவள். முதலில் கெட்டது பாட்டுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீளமான ஒரு அடியை இழுத்துக்கொண்டு போகையில் பாதியில் நின்றுவிட்டாள். மற்றவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள், அவள் வாய் மட்டும் திறந்திருந்தது. வெளியே வந்ததும் கேட்டேன். "தொண்டையில ஏதோ மாட்டிக்கிச்சு" என்றாள். அதன் பிறகு வறட்டு இருமல் வந்தது. சளி வராது, காய்ச்சலும் இல்லை. எங்கள் லைனிலிருந்து ரோட்டுக்கு ஏறக் கற்படிகள் உண்டு. அதில் பாதியில் நின்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வாள். அந்தச் செருப்புக்கு வாரே இல்லை என்று எனக்குப் பல நாள் கழித்துத்தான் உறைத்தது.

முதலில் ஆஸ்துமா என்று நினைத்து உறிஞ்சும் மருந்து கொடுத்தார்கள். கேட்கவில்லை. காசநோயாக இருக்குமோ என்று சளியைச் சோதித்தார்கள், அதுவும் இல்லை. எடை குறைந்துகொண்டே வந்தது. விரல் நகங்கள் உருண்டு, நுனி தடித்துப்போயின. கடைசியில் தானா ராத்தா மருத்துவமனையில் ஒரு டாக்டர் அவள் முதுகில் கீழ்ப்பக்கமாகக் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு அவரையும் கேட்கச் சொன்னார். மூச்சை இழுக்கும்போது, பள்ளிப்பிள்ளைகளின் சப்பாத்தில் ஒட்டுகிற பட்டையைப் பிரிப்பது போல ஒரு சத்தம் வருகிறது என்று சொன்னார்கள். எக்ஸ்ரே படத்தில் இரண்டு நுரையீரலின் மேலும் மூட்டம் போட்டது போல் இருந்தது. ஈப்போவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள்.

எஸ்டேட்டில் எல்லாரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள். தேயிலைத் தூசி. சலிக்கும் அறையில் அத்தனை வருடம் நின்றவள் அல்லவா. சிலர் காய்கறித் தோட்டங்களில் அடிக்கும் மருந்தைச் சொன்னார்கள். நான் தூசியைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் கேட்டபோது அதைத்தான் விரிவாகச் சொன்னேன். எத்தனை வருடம், எந்த அறை, முகத்தில் துணி கட்டுவாளா மாட்டாளா, எல்லாம். டாக்டர் அக்கறையாக எழுதிக்கொண்டார்.

புறா விஷயத்தைச் சொல்ல வேண்டும். மகள் வேலைக்குக் கீழே போன அதே வருடம், கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டும் ஒருவர் ஒரு ஜோடி கொடுத்தார். பந்தயப் புறா. மலையடிவாரத்தில் தாப்பாவில் கொண்டுபோய் விட்டால் நான் வீடு திரும்புமுன் வந்து நிற்கும். பிறகு ஈப்போவிலிருந்து விட்டேன், அதற்கும் அப்பாலிருந்து விட்டேன். வானத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்து, நம் கூரையைத் தேடி இறங்கும்போது ஏற்படுகிற சந்தோஷத்தை நான் வேறு எதிலும் கண்டதில்லை. அடுப்படியின் பின்சுவரோடு சேர்த்துப் பலகையும் வலையும் வைத்துக் கூண்டு கட்டினேன். அடுப்படி ஜன்னல் அதைப் பார்த்துத்தான் திறக்கும். எனக்குக் காலையில் சீக்கிரமே வேலை. எச்சத்தைச் சுரண்டி, கூண்டைக் கூட்டி, தண்ணீர் மாற்றுவது அவள்தான். ஏழு வருடம், தினமும்.

பின் ஏன் இல்லை என்றேன்? நான் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். கணக்குப் போட்டுச் சொன்ன பொய் அல்ல அது. பறவை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வாய் தானாகப் பேசிவிட்டது. வெளியே வந்த பிறகுதான் நியாயங்கள் தேடினேன். புறாவால் வியாதி என்றால் முதலில் எனக்கல்லவா வர வேண்டும்? நான் அவற்றைக் கையில் எடுத்துக் கொஞ்சுகிறவன். எனக்கு ஓர் இருமல் கூட இல்லையே. அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. டாக்டரிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். நுரையீரலில் காற்று வந்து நிற்கும் சின்னச் சின்னப் பைகள் உண்டு. பையைச் சுற்றி ரத்தக் குழாய். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய சுவர். காற்று அந்தச் சுவரைத் தாண்டித்தான் ரத்தத்துக்குப் போக வேண்டும். இவருக்கு அந்தச் சுவர் தடித்துவிட்டது என்றார். இப்படிச் சுவரைக் கெடுக்கும் வியாதிகள் பல உண்டு. சிலது மூட்டு வாதத்தோடு வரும், சிலது மருந்தால் வரும், சிலதுக்குக் காரணமே தெரியாது. சிலது நாம் மூச்சில் இழுக்கும் ஏதோ ஒன்றை உடம்பு ஒத்துக்கொள்ளாமல் சண்டை போடுவதால் வரும். பத்துப் பேர் ஒரே வீட்டில் இருந்தாலும் ஒருவர் உடம்பு மட்டும் சண்டை போடும்.

"வீக்கம் இருக்கிறது, தழும்பும் இருக்கிறது" என்று பேனாவால் இரண்டு இடத்தைத் தொட்டுக் காட்டினார். "வீக்கத்தை மருந்தால் வற்ற வைக்கலாம். தழும்பாகிவிட்டது திரும்ப நுரையீரல் ஆகாது. அதனால் எவ்வளவு சீக்கிரம் காரணத்தைக் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது."

நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டு நுரையீரலைக் கழுவி அந்த நீரைச் சோதிப்பதற்காக அவளை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதன் பிறகு பத்து நாள் மகள் வீட்டில் இருந்தாள். ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். பத்தாம் நாள் மகள் போனில் சொன்னாள்: "அப்பா, அம்மா இன்னிக்கு மார்க்கெட் வரைக்கும் நடந்துச்சு. இருமலே இல்லப்பா." எனக்குக் கண் கலங்கியது. மனைவியை அழைத்துக்கொண்டு மேலே வந்தேன். ஒரு வாரத்தில் இருமல் திரும்பியது. மூன்றாம் வாரம், அடுப்படியிலிருந்து முன்னறைக்கு வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலம் பூத்திருந்தது. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவியை மகள் வாங்கிக் கொடுத்திருந்தாள். அதில் எண் எண்பத்தைந்துக்கு இறங்கி, அவள் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு மெல்ல மேலே ஏறியது. அந்த எண் ஏறுகிற வரைக்கும் நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டர் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் வீட்டில் நன்றாக இருக்கிறார், உங்கள் வீட்டில் மோசமாகிறார். மலை உயரம் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அது மட்டும் இல்லை. உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது?

"சுவர் ஈரம். பேக்டரி பக்கத்துலதான் இருக்கு, தூசி வரும்" என்றேன்.

"பறவை, கோழி, வாத்து? அண்டை வீட்டில்? இறகு வைத்த தலையணை?"

"இல்ல டாக்டர்."

என் மனைவி இந்த முறையும் என்னைப் பார்த்தாள். முதல் முறை பார்த்ததை விட நீளமாகப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். கை கழுவுவது எப்படி என்று அதில் வரைந்திருந்தது.

அன்று திரும்பும் வழியில், கோலா தெர்லா பக்கம் லோரிகளுக்குப் பின்னால் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் கூண்டைக் கூட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். "நீ அங்க போக வேணாம், நான் பாத்துக்கறேன்" என்றேன். "ஏன்?" என்றாள். "ஒடம்பு முடியலல்ல" என்றேன். நான் கூட்டும்போது எழும் தூசி அடுப்படி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்தான் போயிற்று. என் சட்டையைத் துவைத்ததும் அவள்தான்.

மூன்றாம் முறை போனபோது டாக்டரின் பேச்சு மாறியிருந்தது. ஸ்கேன் பார்க்கும் டாக்டர், திசுவைச் சோதிக்கும் டாக்டர், இவர் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து இவள் படங்களைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். கழுவி எடுத்த நீரில் இருக்கும் அணுக்கள், எதையோ மூச்சில் இழுத்து வந்த வியாதி என்பது போலத்தான் காட்டுகின்றன. ஆனால் நீங்கள் சொன்ன எதுவும் அதற்குச் சரியாகப் பொருந்தவில்லை. வேறு வகையாக இருந்தால் மருந்தே வேறு. ஆகவே விலாவில் சின்னதாகத் துளை போட்டு, நுரையீரலில் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பது பற்றி யோசிக்கிறோம் என்றார். மயக்க மருந்து கொடுக்க வேண்டும். இந்த அளவு மூச்சு இருப்பவருக்கு அதில் ஆபத்து இல்லாமல் இல்லை. சிலருக்கு அறுவைக்குப் பிறகு வியாதி திடீரென்று முற்றிவிடுவதும் உண்டு. மறைக்காமல் சொல்கிறேன், என்றார்.

"கடைசியாக ஒரு தடவை கேட்கிறேன். பறவை எதுவும் இல்லைதானே?"

நான் பதில் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. டாக்டர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, நர்ஸைக் கூப்பிட்டுச் சம்மதப் படிவத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

நர்ஸ் தமிழ்ப் பெண். படிவத்தை மேசையில் வைத்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று என் மனைவிக்கு விரலால் காட்டினாள். "பயப்படாதீங்கம்மா, நிதானமா படிச்சிட்டுப் போடுங்க" என்றாள். என் மனைவி பேனாவை எடுத்தாள். படிக்கவில்லை. பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள். அவள் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தேன். பேனா பிடிப்பதற்கே அவளுக்கு மூச்சு தேவைப்பட்டது.

"புறா இருக்கு" என்றேன்.

தமிழில்தான் சொன்னேன். நர்ஸ் நிமிர்ந்தாள். டாக்டருக்குப் புரியவில்லை. நர்ஸ் அவருக்கு மலாயில் சொன்னாள்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. எத்தனை, எத்தனை வருடம், எங்கே, யார் கூட்டுகிறார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். யார் கூட்டுகிறார்கள் என்பதற்குப் பதில் வந்ததும் எழுதுவதை ஒரு நொடி நிறுத்தினார். பிறகு படிவத்தை மெல்ல இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"இது இப்போதைக்கு வேண்டாம்" என்றார்.

புறாவின் எச்சத்திலும் இறகிலிருந்து உதிரும் மாவு போன்ற தூளிலும் இருக்கும் பொருளுக்கு இவர் உடம்பு எதிர்ப்புக் காட்டுகிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். முடிவு எப்படி வந்தாலும் புறாக்கள் போக வேண்டும், அவற்றின் தூசியும் போக வேண்டும். அது வரைக்கும் இவர் அந்த வீட்டில் கால் வைக்கக் கூடாது. மாத்திரைக்கு வேலை அதற்குப் பிறகுதான். வியாதியின் காரணம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் மாத்திரை என்ன செய்யும் என்று கேட்டார். அவர் குரலில் அப்போதுதான் லேசாகக் கோபம் தெரிந்தது.

வராண்டாவில் நீல நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அவள் உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

"மூணு தடவ கேட்டாங்க" என்றாள். "மூணு தடவயும் நான் ஒங்க மூஞ்சியத்தான் பாத்தேன்."

"நீ சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருக்கலாம்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "மொத தடவ எனக்கே புரியல, ஏன் இவர் இல்லன்னு சொல்றாருன்னு. ரெண்டாவது தடவ புரிஞ்சிச்சு. நானாச் சொன்னா, நான்தான் அதுங்கள வெரட்டுனேன்னு ஆவும். நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க, அந்தக் கூரையப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருப்பீங்க. அதோட எத்தன வருசம் நான் இருக்கறது? நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன். கத்தி வரைக்கும் வந்துட்டோம்லா."

நான் பக்கத்தில் உட்காரப் போனேன். கைப்பையை எடுத்து அந்த நாற்காலியில் வைத்தாள்.

மகள் வந்து அழைத்துப் போனாள். மகளிடம் அவளே சொல்லியிருக்க வேண்டும். மகள் என்னிடம், "வீட்டச் சுத்தம் பண்ணிட்டுப் போன் பண்ணுங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்ததாக நான் செய்ததைச் சொல்லத்தான் எனக்கு அதிக வெட்கம். முப்பத்து நான்கு புறாக்களையும் கூடைகளில் அடைத்து, கோலா தெர்லாவில் பூத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு தெரிந்தவரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் அடைத்து வைத்திருங்கள், பழகிவிடும் என்றேன். பழகாது. பந்தயப் புறாவை வளர்க்கும் எவனுக்கும் அது தெரியும். ஒரு கூரையைத் தன் வீடு என்று நினைத்து வளர்ந்த புறா, எத்தனை மாதம் அடைத்தாலும் திறந்துவிட்டால் அங்கேதான் வரும். இது தெரிந்துகொண்டேதான் நான் பக்கத்து ஊர்க்காரருக்குக் கொடுத்தேன்.

கூண்டின் பலகைகளை ஈரத் துணியால் துடைத்தேன், தரையைக் கழுவினேன், திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தேன். கூண்டை மட்டும் பிரிக்கவில்லை. பத்து நாள் கழித்து மகளுக்குப் போன் செய்து, எல்லாம் சுத்தம், வரலாம் என்றேன்.

ஒரு சனிக்கிழமை பகலில் மகளின் கார் லைனுக்கு மேலே ரோட்டில் வந்து நின்றது. நான் படியேறிப் போனேன். மனைவி முன்சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் மாத்திரையால் உப்பியிருந்தது. ஆனால் உதட்டில் நிறம் வந்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினேன். எங்கள் தகரக் கூரையின் மேல் புறாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பூத்தோட்டக்காரர் அன்று காலையில்தான் திறந்துவிட்டிருக்கிறார்.

"நான் எறங்கல" என்றாள்.

"இன்னிக்கே பிடிச்சுத் திருப்பிக் கொண்டுபோயி..."

"திரும்பி வரும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

நான் கார் கதவின் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டேன்.

"தெரிஞ்சுதானே குடுத்தீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்த மூச்சும் கிடையாது. "எனக்கு மிச்சம் இருக்கிறது கொஞ்சந்தாங்க. அதயும் இங்க வந்து குடுத்துட்டுப் போவ முடியாது." மகளிடம், "திருப்பும்மா" என்றாள்.

கார் பிரிஞ்சாங் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் ரோட்டோரத்தில் நின்றேன். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் என்னை விட்டுவிட்டுப் போனது அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலமே தீனியைக் காட்டி எல்லாவற்றையும் உள்ளே இறக்கினேன். பழக்கத்தில் சாதுவாக வந்து நுழைந்தன. மறுநாள் வண்டி பிடித்து, சிம்பாங் பூலாய் தாண்டி ஒரு சீனப் பெரியவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பந்தயங்களில் பழக்கமானவர். வலை போட்ட பெரிய கூண்டு வைத்திருக்கிறார். வெளியூர்ப் புறாவை அவர் திறந்தே விடுவதில்லை. குஞ்சு பொரிக்க மட்டும் வைத்துக்கொள்வார். "இதுங்க இனிமே பறக்காது, சரியா?" என்று மலாயில் கேட்டார். சரி என்றேன். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். திரும்பிப் பார்க்காமல் வந்து வண்டியில் ஏறினேன்.

திங்கட்கிழமை லீவு போட்டேன். டாக்டர் சொல்லியிருந்தபடி முகத்துக்கு நல்ல மாஸ்க் கட்டி, தூசி எழாதபடி தண்ணீர் அடித்து அடித்துக் கூண்டைப் பிரித்தேன். பலகை, வலை, பெட்டி எதையும் வைத்துக்கொள்ளவில்லை. இருந்தும் மனம் ஆறவில்லை. கூண்டு போன பிறகும் மாதக்கணக்கில் அந்தத் தூள் சுவரிலும் கூரை இடுக்கிலும் ஒட்டியிருக்கலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஆகவே மேனேஜர் துரையைப் போய்ப் பார்த்து, ரோட்டை ஒட்டிய லைனில் காலியாக இருந்த ஒரு வீட்டைக் கேட்டேன். படி ஏற வேண்டியதில்லை, பறவை வளர்த்த வீடும் இல்லை. ஏன் என்று கேட்டார். முழுவதும் சொன்னேன், டாக்டரிடம் பொய் சொன்னதையும் சேர்த்து. அவர் கணக்கெழுதும் கிராணியைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுக்கச் சொன்னார்.

ரத்தப் பரிசோதனை முடிவு புறாவைத்தான் காட்டியது. அதைப் போனில் எனக்குச் சொன்னது மனைவிதான். பதினெட்டு நாள் கழித்து அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. "புறாதானாம்" என்றாள். "ம்" என்றேன். "புது வீட்டுல தண்ணி நல்லா வருதா?" என்று கேட்டாள். மகள் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது.

மூன்று மாதம் ஈப்போவில் இருந்துவிட்டு வந்தாள். இந்த முறை காரிலிருந்து இறங்குமுன் கூரையைப் பார்த்தாள், மரங்களைப் பார்த்தாள், பிறகுதான் கதவைத் திறந்தாள்.

அவள் குணமாகிவிட்டாள் என்று சொல்ல முடியாது. குழாயில் ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் அளவு கொஞ்சம் ஏறியது, அப்புறம் அங்கேயே நின்றுவிட்டது. வீக்கம் வற்றிவிட்டது, தழும்பு இருக்கிறது. நான் முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தத் தழும்பில் எவ்வளவு குறைந்திருக்கும் என்று ஒருமுறை டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். அப்படிக் கணக்குச் சொல்ல முடியாது, வருடக்கணக்கில் மெல்ல வந்தது இது என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உண்மையாகவே அப்படித்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்டீராய்டு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கூடவே உடம்பின் எதிர்ப்பைத் தணிக்கும் வேறொரு மாத்திரையைச் சேர்த்தார்கள். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியது, பசி எடுத்தது, தூக்கம் கெட்டது. மற்ற மாத்திரைக்கு மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும். சளிக்காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் ஊசி போட்டார்கள். போன மழைக்காலத்தில் அப்படியும் காய்ச்சல் வந்து, தானா ராத்தா மருத்துவமனையில் நான்கு நாள் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தாள். தழும்பு விழுந்த நுரையீரலுக்கு ஒரு சாதாரணக் காய்ச்சலே போதும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அந்த நான்கு நாளும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரல் கருவியில் தெரிந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பத்தெட்டு, எண்பத்தேழு, தொண்ணூறு. மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, "அதயே பாத்துக்கிட்டிருந்தா ஏறிடுமா? போயி ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றாள். நான் போகவில்லை.

மூச்சுப் பயிற்சி சொல்லித் தரும் பெண் ஒருத்தி மருத்துவமனையில் இருக்கிறாள். உதட்டைக் குவித்து மெல்ல விடுவது, நடையையும் மூச்சையும் சேர்த்துக்கொள்வது, குளிக்கும்போது உட்கார்ந்து குளிப்பது எல்லாம் அவள் கற்றுக்கொடுத்தது. மேட்டில் ஏறும்போது மட்டும் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. தோளில் மாட்டுகிற சின்னச் சிலிண்டர் ஒன்று இருக்கிறது. அதை நான்தான் தூக்குவேன். மூக்குக் குழாய் அவளிடம், சிலிண்டர் என்னிடம். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் நடந்தாக வேண்டும். முதலில் நான் வேகமாகப் போய்க் குழாயை இழுத்துவிடுவேன், அவள் முறைப்பாள். இப்போது பழகிவிட்டது.

நான் இன்னும் பேக்டரிக்குத்தான் போகிறேன். வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறேன். தேயிலைத் தூசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருந்தாலும் அப்படித்தான் வருகிறேன்.

மகள் எங்களைக் கீழே வந்துவிடச் சொல்கிறாள். உயரம் குறைந்தால் அம்மாவுக்கு மூச்சு இன்னும் சுலபம் என்று டாக்டரும் ஒருமுறை சொன்னார். அடுத்த வருடம் எனக்கு ஓய்வு. போன வாரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"நீ என்ன சொல்ற?" என்று கேட்டேன்.

"ஈப்போ ஒரே வெக்கை. எனக்குப் புடிக்காது." தட்டுகளை எடுத்து அடுக்கினாள். "ஆனா மூச்சு முக்கியம்ல. ரிங்லெட் பக்கம் பாருங்க. நம்மள விட எறக்கந்தான். ஆஸ்பத்திரிக்கும் ரொம்பத் தூரம் இல்ல. படி இல்லாத வீடா பாருங்க."

நேற்று ரிங்லெட் போய் இரண்டு வீடு பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றில் பின்பக்கச் சுவர் முழுக்க ஈரம். இன்னொன்று பரவாயில்லை. பக்கத்து வீட்டில் கோழி இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு இருக்கிறது என்றார்கள். திரும்பி வந்து அவளிடம் அப்படியே சொன்னேன். வேறு வீடு பார்க்க வேண்டும்.